வீட்டைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வசதி ஆய்வுகளைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல பதில்களைச் சென்னையை வைத்தே சொல்லியிருக்கிறேன். குடிசைப் பகுதி மக்களை நகரின் விளிம்புக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்துவது இங்கே மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. மற்ற ஊர்களின் ஆய்வுகள் நம்மூரைப் புரிந்துகொள்ள உதவும் இடங்களில் வருகின்றன.

வீடு என்றால் செங்கல், சிமென்ட், கம்பி. இதில் சமூக ஆய்வுக்கு என்ன வேலை?

ஒரே அளவில், ஒரே செலவில் இரண்டு வீடுகள் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சென்னையின் நடுவில் சிந்தாதிரிப்பேட்டையில், இன்னொன்று நகரின் தெற்கு விளிம்பில் பெரும்பாக்கத்தில். சுவர், தரை, கூரை எல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு வீடுகளிலும் வாழும் குடும்பங்களின் வருமானம், பிள்ளைகளின் பள்ளி, அவசரத்துக்குக் கைமாற்று கேட்கக்கூடிய ஆள், ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் போய்ச் சேரும் ஆஸ்பத்திரி எல்லாமே வேறுவேறாக இருக்கும். அந்த வேறுபாட்டைத்தான் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். பொருளியல், சமூகவியல், புவியியல், பொதுச் சுகாதாரம் எனப் பல துறைக்காரர்கள் இதில் இருக்கிறார்கள்.

இது புதிய துறையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சார்லஸ் பூத் லண்டன் நகரைத் தெருத் தெருவாக ஆராய்ந்து, வறுமையின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு தெருவுக்கும் வண்ணம் தீட்டி வரைபடம் வெளியிட்டார். வறுமைக்கு முகவரி உண்டு என்பதை அந்த வரைபடம் கண்ணுக்கு நேராகக் காட்டியது.

இந்தியாவில் எத்தனை வீடுகள் பற்றாக்குறை?

2012இல் மத்திய அரசின் நிபுணர் குழு, நகரங்களில் 1.878 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. மேடைகளில் அதிகம் சொல்லப்படும் எண் இது. ஆனால் இதை உடைத்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

அந்த 1.878 கோடியில் வீடே இல்லாதவர்களின் கணக்கு 5.3 லட்சம். இடிந்து விழும் நிலையில் உள்ள பழைய வீடுகள் 22.7 லட்சம். சரிசெய்ய முடியாத கச்சா வீடுகள் (மண், ஓலை போன்றவற்றால் ஆனவை) 9.9 லட்சம். மீதி 1.499 கோடியும் நெரிசல். அதாவது தலைக்கு மேல் கூரை இருக்கிறது. ஆனால் கல்யாணமான மகனும் மருமகளும் தனியாகப் படுக்க ஓர் அறை இல்லை. ஐந்தில் நான்கு பங்கு பற்றாக்குறை இப்படிப்பட்டதுதான். அதற்குத் தேவை பெரும்பாலும் இருக்கிற இடத்திலேயே இன்னோர் அறை, அல்லது பக்கத்துத் தெருவில் கட்டுப்படியாகும் வாடகைக்கு ஒரு போர்ஷன். முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கட்டும் புது வீடு அந்த மகனுக்கு உதவுமா என்பது அவன் வேலை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதோடு இன்னோர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. எத்தனை வீடு கட்டினோம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீரப்போவதில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களுமே போதும்.

குடிசையிலிருந்து எடுத்து அடுக்குமாடி வீட்டில் குடியமர்த்துவது நல்லதுதானே?

நிறையப் பேர் நல்ல மனத்தோடுதான் இதைக் கேட்கிறார்கள். மழைக்கு ஒழுகாத கூரை, தனிக் கழிப்பறை, மின்சாரம் எல்லாம் உண்மையான நன்மைகள். அவற்றை யாரும் மறுக்க வேண்டியதில்லை. குடும்பம் மொத்தத்தில் முன்னேறுகிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு இந்தியாவிலிருந்தே தெளிவான ஆய்வு ஒன்று உண்டு. 1987இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பைச் சேர்ந்த பீடித் தொழிலாளர் பெண்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். விண்ணப்பித்தவர்கள் அதிகம், வீடுகள் குறைவு என்பதால் குலுக்கல் நடத்தினார்கள். வீடுகள் இருந்த இடம் நகர மையத்திலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில். 14 ஆண்டுகள் கழித்து ஷரன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகிய மூன்று பொருளியலாளர்கள் குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வென்றவர்களின் வீடு நல்ல வீடு. ஆனால் குடும்ப வருமானம் கூடவில்லை. பிள்ளைகளின் நிலையிலும் மாற்றம் இல்லை. சொந்தபந்தங்களிடமிருந்தும், ஆபத்து அவசரத்துக்குக் கைகொடுக்கும் ஆட்களிடமிருந்தும் அவர்கள் விலகிப் போயிருந்தார்கள். வென்றவர்களில் 34 சதவீதம் பேர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டுப் பிறகு வெளியேறினார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் தங்கினார்கள்.

சிரமப்பட்டுத் தவணை கட்டிக் கிடைத்த சொந்த வீட்டை விட்டு ஒருவர் போகிறார் என்றால், அவர் இழந்தது அந்த வீட்டைவிடப் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். நான் அந்த எண்களை அப்படித்தான் படிக்கிறேன்.

குலுக்கலை ஏன் ஆய்வாளர்கள் இவ்வளவு விரும்புகிறார்கள்?

நல்ல பகுதியில் வாழும் குடும்பத்தின் பிள்ளை நன்றாகப் படித்தால், காரணம் பகுதியா, பெற்றோரின் வசதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கலில் வென்றவரும் தோற்றவரும் மற்ற எல்லா வகையிலும் ஒரே மாதிரி ஆட்கள். சீட்டு விழுந்ததா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். எனவே பிற்பாடு தெரியும் மாற்றத்துக்கு வீடுதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

சென்னையில் என்ன நடந்தது?

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. அதற்கான சட்டம் 1971இல் வந்தது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஜனங்கள் வாயில் இன்றும் ஹவுசிங் போர்டுதான். தொடக்கத்தில் வாரியம் எடுத்த முடிவு பாராட்டத்தக்கது. குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி, அதே மக்களுக்குக் கொடுத்தது. கட்டடங்களின் தரம் பற்றிக் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் வேலை, பள்ளி, மார்க்கெட், கோயில், மாதாகோயில், மசூதி எதுவும் அவர்களை விட்டுத் தள்ளிப் போகவில்லை.

1977 முதல் உலக வங்கிக் கடனில் வேறொரு முறை வந்தது. வீடு கட்டித் தராமல், சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு சின்ன மனைகளாகப் பிரித்துக் கொடுப்பது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், அப்புறம் முகப்பேர் எல்லாம் அப்படி உருவானவை. தொண்ணூறுகளின் நடுவில் இந்த முறை தோல்வி என்று ஒதுக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து கேட் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகியோர் சென்னையிலும் மும்பையிலும் அதே பகுதிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். மனைகள் நிறைந்து, வீடுகள் மாடி மேல் மாடியாக வளர்ந்து, கடையும் வாடகைக் குடித்தனங்களுமாகப் பல வருமானத்தினர் கலந்து வாழும் உயிரோட்டமான பகுதிகளாக அவை மாறியிருந்தன. தோல்வி என்று முத்திரை குத்தியது அவசர முடிவு. ஒரு குடும்பம் கையில் காசு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதற்குக் காலம் பிடிக்கும்; ஐந்தாறு வருடத்தில் மதிப்பெண் போட முடியாது. இந்த ஆய்வு தமிழில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாவது கட்டம், 2000 முதல். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையில் இருந்த ஏராளமான குடும்பங்களை ஆபத்தான இடம் என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து அனுப்பப்பட்ட இடத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது.

அங்கே போனவர்களுக்கு வேலை கிடைக்காதா? ஐ.டி. கம்பெனிகள் பக்கத்தில்தானே இருக்கின்றன?

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கேரன் கோயல்ஹோ, டி. வெங்கட், ஆர். சந்திரிகா மூவரும் கண்ணகி நகரில் இதைத்தான் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். இடம் மாறியபோது வறுமையும் கூடவே இடம் மாறி, புது இடத்தில் மறுபடி உருவாகிறது என்பது அவர்கள் வாதம். கண்ணாடிக் கட்டடங்கள் பக்கத்தில் இருந்தாலும் அங்கே இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி போன்ற ஒப்பந்த வேலைகள்.

வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சேத்துப்பட்டில் கூவம் ஓரம் இருந்தபோது காலையில் நடந்தே போய் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் திரும்பி வந்து, மறுபடி மூன்றாவது வீட்டுக்குப் போக முடியும். பெரும்பாக்கத்திலிருந்து அது நடக்காது. விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டும், ஒரே தடவை போய் ஒரே தடவைதான் திரும்ப முடியும், பிள்ளையை யார் பார்ப்பது என்பது தனிப் பிரச்சினை. மூன்று வீடு ஒன்றாகக் குறையும், அல்லது வேலையே நிற்கும். இட்லி வியாபாரமோ பழ வியாபாரமோ செய்தவர் என்றால் தள்ளுவண்டி என்ற கேள்வி வரும். ஆறாவது மாடியில் வீடு. வண்டியை எங்கே நிறுத்துவது? கீழே விட்டால் காலையில் இருக்குமா? எட்டு மாடிக்கு வரைபடம் போட்ட யாருடைய மேசையிலும் அந்தத் தள்ளுவண்டிக்கு இடம் இருக்கவில்லை. இதை அளவெடுத்துச் சொல்வதுதான் வீட்டு வசதி ஆய்வு.

பள்ளி ஆண்டின் நடுவே வீடுகளை இடித்ததும், முகவரியைச் சொன்னதுமே வேலை தரத் தயங்குவதும் அங்கே வாழ்பவர்கள் தொடர்ந்து சொல்லிவரும் குறைகள்.

அரசு கொடுத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி ஊருக்குள்ளேயே வந்துவிடுகிறார்களே, இது ஏமாற்று இல்லையா?

இல்லை என்பதே என் பதில். மும்பையில் மகாராஷ்டிர அரசின் வீட்டு வசதி வாரியம் குலுக்கல் மூலம் மலிவு விலையில் வீடு விற்கிறது. வென்றவர்கள் அந்த வீட்டை வாடகைக்கு விடலாம், தடை இல்லை. தனு குமார் என்ற ஆய்வாளர் 2012, 2014 குலுக்கல்களில் பங்கேற்றவர்களைச் சந்தித்து ஒப்பிட்டார். வென்ற குடும்பங்களில் கல்வியும் வேலைவாய்ப்பும் கூடியிருந்தன. உள்ளூர்ப் பிரச்சினைகளுக்காகக் கூட்டங்களில் கலந்துகொள்வதும் அதிகமாகியிருந்தது. இவர்கள் குடிசைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் அல்ல, தாங்களாக விண்ணப்பித்த கீழ்நடுத்தரக் குடும்பங்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அகமதாபாத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: வீட்டோடு சேர்த்து, அங்கே வாழ்வதா வாடகைக்கு விடுவதா என்ற முடிவையும் கொடுத்த இடத்தில் வீடு அந்தக் குடும்பத்துக்குச் சொத்தாகப் பயன்பட்டது.

நல்ல பகுதிக்கு மாறினால் பிள்ளைகளின் எதிர்காலம் மாறுமா?

மாறும், சின்ன வயதில் மாறினால். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. குலுக்கலில் தேர்வான ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் மட்டுமே பயன்படுத்தக்கூடிய வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. பெரியவர்களின் வருமானம் கூடவில்லை. உடல்நலமும் மனநலமும் மேம்பட்டன. 2016இல் ராஜ் செட்டி, நாதனியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் பிள்ளைகள் வளர்ந்த பிறகான கணக்கைப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்குப் பலன் இல்லை.

இதை வைத்துக் குடிசைகளை அகற்றுவதை நியாயப்படுத்துபவர்கள் உண்டு. அது தவறு. அங்கே குடும்பங்கள் போனது வசதி அதிகமுள்ள பகுதிகளுக்கு, தாங்களே விரும்பி. நாம் ஏழைகளை மட்டும் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்க்கிறோம். அந்தப் பரிசோதனையின் முடிவுகள் நம் கொள்கைக்கு எதிராகத்தான் பேசுகின்றன.

இடம் மாற்றாமலே வீட்டில் சின்னச் சின்ன மாற்றம் செய்தால் பலன் இருக்குமா?

மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தில் மண் தரை உள்ள வீடுகளுக்கு அரசு இலவசமாகச் சிமென்ட் தரை போட்டுக் கொடுத்தது. ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 150 டாலர். மண் தரையை முழுக்க மாற்றிய வீடுகளில் சிறு பிள்ளைகளின் வயிற்றுப் புழுத் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், ரத்தசோகை 81 சதவீதமும் குறைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. மண் தரையில் தவழும் குழந்தையைப் பார்த்த எவருக்கும் இது புரியும். குடும்பம் அதே தெருவில்தான் இருந்தது. யாரும் யாரையும் இழக்கவில்லை.

பட்டா கொடுத்தால் வங்கிக் கடன் வாங்கி முன்னேறிவிடுவார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் அருகே சான் பிரான்சிஸ்கோ சோலானோ என்ற இடத்தில் 1981இல் ஏழைகள் நிலத்தில் குடியேறினார்கள். 1984இல் அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்த முயன்றபோது, சில உரிமையாளர்கள் இழப்பீட்டை ஏற்றார்கள், சிலர் நீதிமன்றம் போனார்கள். அதனால் ஒரே மாதிரியான குடும்பங்களில் சிலருக்குப் பட்டா கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. கலியானி, ஷார்கிராட்ஸ்கி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். பட்டா கிடைத்தவர்கள் வீட்டைப் பலப்படுத்தினார்கள், பிள்ளைகளை அதிகம் படிக்கவைத்தார்கள். வங்கிக் கடன் மட்டும் பெரிதாகக் கிடைக்கவில்லை. நாளைக்கு யாரும் வந்து இடிக்க மாட்டார்கள் என்ற நிம்மதிதான் வேலை செய்தது.

நம்மூரில் அந்த நிம்மதிக்குப் பட்டா மட்டுமல்ல, அறிவிக்கப்பட்ட பகுதி என்ற தகுதியும் தேவை. சென்னையில் 1971இல் 1,202 குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன்பிறகு பல்லாண்டுகள் ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. பட்டியலில் இல்லாத பகுதிக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

அரசு கட்டிக் கொடுப்பது நல்லதா, மக்களே கட்டிக்கொள்வதா?

மக்களே கட்டுவதன் பக்கம்தான் சான்றுகள் அதிகம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரத்தில் ஜெனிஃபர் டைன் பாரன்ஸ்டைன் நடத்திய ஆய்வுகளில் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தக்காரர்களை வைத்து வரிசையாகக் காங்கிரீட் வீடு கட்டுவதற்காக இடத்தைச் சுத்தமாக ஒழித்தபோது, குடிசைகளைச் சுற்றியிருந்த மரங்களும் போயின. தென்னையும் முருங்கையும் வெறும் மரமா? நிழல், சாப்பாடு, மதியத்தில் உட்கார்ந்து வலை பின்னுவதற்கும் பேசுவதற்குமான இடம் எல்லாம் அதுதான். தட்டைக் காங்கிரீட் கூரையின் கீழ், மரமில்லாத மணலில், கோடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையின் வடக்கு, கிழக்கில் போருக்குப் பின் இந்திய உதவியில் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை வேறு முறை. வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாக உரிமையாளர் கணக்குக்கே போனது. தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் 3.5 லட்சம் ரூபாயில் பயனாளிகளே கட்டிக்கொள்ளும் ஏற்பாடுதான். தொகை போதாமல் கடன் வாங்குவது இந்த முறையின் ஆபத்து.

வாடகைக்கு வீடு தேடும்போது சாதி, மதம் பார்ப்பது பற்றி ஆய்வு உண்டா?

உண்டு. “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியை எதிர்கொண்டவர்களுக்கு ஆய்வு தேவையில்லை, ஆனால் மறுப்பவர்களுக்குத் தேவை. டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் வெவ்வேறு சமூகத்தவராக வீடு கேட்க வைத்துப் பார்த்தார்கள். தலித்துகளுக்கும், அவர்களைவிடக் கூடுதலாக முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்பட்டது. ட்ரீனா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2001 கணக்கெடுப்பை வைத்துச் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களைப் பார்த்தபோது, வசதி அடிப்படையிலான பிரிவைவிடச் சாதி அடிப்படையிலான பிரிவு ஆழமாக இருந்தது. நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

சிங்கப்பூர் எதிர்த் திசையில் போனது. 1989 முதல் ஒவ்வொரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. கலந்து வாழ்வதற்கு அது உதவியது. அதற்கு விலையும் இருந்தது: சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, எனவே வாங்க ஆள் குறைவு, விலையும் குறைவு. மேசி வோங் என்ற ஆய்வாளர் விற்பனைத் தரவுகளை வைத்து இந்த வரம்பின் விளைவுகளை ஆராய்ந்தார். 2022இல் இப்படிச் சிக்கிய வீடுகளை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அரசு அறிவித்தது.

வாடகைக் கட்டுப்பாடு?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1994இல் அதை விரிவுபடுத்தியபோது, இருந்த வாடகைதாரர்கள் பயனடைந்தார்கள். வீட்டுக்காரர்கள் 15 சதவீதம் வீடுகளை வாடகைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டதால் புதிதாக வருபவர்களுக்கு வாடகை கூடியது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து மூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வாய்வார்த்தையில் குடியிருப்பவர்கள் அதிகமுள்ள மாநிலத்தில் அது எந்த அளவு நடைமுறையில் இருக்கிறது என்பதே நல்ல ஆய்வுத் தலைப்பு.

நான் மாணவி. இதில் ஆய்வு செய்ய எங்கிருந்து தொடங்கலாம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் அட்டவணைகளும், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 69ஆவது, 76ஆவது சுற்றுகளும் இலவசமாகக் கிடைக்கும். வீட்டு வசதித் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழிலேயே படிக்கலாம். ஒரு பகுதியிலிருந்து எத்தனை குடும்பம் எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் படித்துவிடுங்கள். நடைபாதைவாசிகள் எங்கே வேலை செய்கிறார்கள், ஏன் அங்கேயே வாழ்கிறார்கள் என்ற விவரம் அந்த வழக்கின் மையத்தில் இருக்கிறது.

களத்துக்குப் போகும்போது பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். காலை ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். குடியிருப்பில் இப்போது இருப்பவர்களை மட்டும் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு, விட்டுப் போனவர்களையும் தேடிக் கண்டுபிடித்துக் கேளுங்கள். அவர்களைத் தேடினால், பழைய இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஏதோ ஒரு சந்தில் முழுச் சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுத்துக்கொண்டு இருக்கலாம். ஏன் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.